பாம்புப் பெட்டியும் பணிப்பாளரின் முத்திரையும்

புதிதாகச் சேர்ந்திருக்கும் தொழிற்பயிற்சி உத்தியோகத்தர்களுக்குப் பேச வேண்டும் என்று என்னைக் கூப்பிட்டவர், தலைப்பையும் தானே எழுதி அனுப்பிவிட்டார். ‘மோதல் முகாமைத்துவம்.’ வாசித்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பிள்ளைகள், என் உத்தியோக காலத்தில் நான் முகாமை செய்த மோதல் என்று ஒன்றுமே கிடையாது. இரண்டு பக்கத்துக்கும் நடுவில் அகப்பட்டு முழித்திருக்கிறேன். அப்படி முழித்த ஒரு நாளைப் பற்றித்தான் சொல்லப்போகிறேன். படம் காட்டுவதற்கு என்னிடம் கணினியும் இல்லை, அம்புக்குறியும் இல்லை. நித்திரை வருகிறவர்கள் இப்போதே டீ குடித்துவிட்டு வந்து உட்காருங்கள்.

நான் வேலைக்கு வந்த புதிதில் எங்கள் கந்தோரில் ஒரு மூத்த அதிகாரி இருந்தார். பெயர் வேண்டாம், மேடையில் தன் பெயரைச் சொன்னால் அவருக்குப் பிடிக்காது. யாராவது மூச்சிரைக்க ஓடிவந்து, “அங்க பெரிய சண்டை சேர்!” என்றால், அவர் கேட்கும் முதல் கேள்வி, “பயந்து போயிருக்கிற ஆள் யாரு?” என்பதுதான். கோபமாக இருப்பது யார் என்று கேட்கவே மாட்டார். கோபக்காரனைத்தான் சத்தத்திலேயே கண்டுபிடித்துவிடலாமே, அதற்கு எதற்கு ஒரு உத்தியோகத்தர் என்பார். அந்தக் காலத்தில் எனக்கு அது வெறும் நக்கல் பேச்சாகத்தான் பட்டது.

சரி, கதைக்கு வருகிறேன். அக்கரைப்பற்றுக்கு உட்புறமாக வனக்குறவர் சமூகத்தின் ஊர் ஒன்று இருக்கிறது. வீட்டுக்குள் தெலுங்கு பேசுவார்கள், வெளியில் நம்மைப் போலத் தமிழ். முன்பு பாம்பாட்டிக்கொண்டும் கைரேகை பார்த்துக்கொண்டும் ஊர் ஊராகக் கூடாரமடித்துத் திரிந்தவர்கள். இப்போது கல்வீடு, மாதா கோயில், பள்ளிக்கூடம் எல்லாம் வந்துவிட்டது. ஆனாலும் ஆண்களில் பலர் பாம்புப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வெளியூர் போனால்தான் அடுப்பெரியும். இளம் ஆட்கள் ஒலுவில் துறைமுகத்துக்கு வந்து மீன் இறக்குவார்கள், கூடை சுமப்பார்கள்.

அங்கேதான் அவர்களுக்கு ஒரு யோசனை வந்திருக்கிறது. படகு இயந்திரம் பழுதானால் அதைத் திருத்த ஆள் தேடி முதலாளிமார் படும் பாட்டைக் கண்ணால் பார்த்திருக்கிறார்கள். ஊர்த் தலைவர் அந்தோனி என் கந்தோருக்கு வந்தார். “மிஸ், எங்கட புள்ளையளுக்கு அந்த மிசின் வேலையைப் படிப்பிச்சு விடுங்க” என்றார். கடலே இல்லாத ஊருக்குக் கடல் இயந்திரப் பயிற்சியா என்று மேலிடத்தில் சிரித்தார்கள். நான் விடவில்லை. எழுதினேன், நச்சரித்தேன், கடைசியில் நிதி கிடைத்தது. பழகுவதற்குச் சில இயந்திரங்கள் வந்தன. ஊர்ப் பொதுமண்டபத்தில் அவற்றை மாட்டிவைத்தோம். போதனாசிரியர் ஒருவரும் வந்தார், பிள்ளைகளுக்கு மாதக் கொடுப்பனவும் கிடைத்தது.

படித்தவர்களில் ஒரே ஒரு பெண் செல்வி. கைக்குழந்தைக்காரி. புருசன் விட்டுவிட்டுப் போய்விட்டான். மத்திய கிழக்குக்கு வீட்டு வேலைக்குப் போவதற்காக ஏஜென்சிக்காரனிடம் பாஸ்போட்டைக் கொடுத்து வைத்திருந்தவள், பயிற்சி தொடங்கியதும் அவனிடம் தவணை கேட்டாள். ஒலுவிலில் படகு வைத்திருக்கும் ஒரு ஹாஜியார், “சான்றிதழ் எடுத்திட்டு வா, உன்னை நான் வேலைக்கு எடுக்கிறன்” என்று அவளிடம் சொல்லியிருந்தார். சான்றிதழ் கிடைத்தால் பிள்ளையோடு இருக்கலாம். கிடைக்காவிட்டால் பிள்ளையை விட்டுவிட்டு விமானம் ஏற வேண்டும். அவளுக்கு அது அவ்வளவு நேரான கணக்கு.

பாதிப் பயிற்சி நன்றாகத்தான் போனது. பிறகு ஒரு நாள் போதனாசிரியர் போனால், மண்டபம் வெறிச்சோடிக் கிடக்கிறது. ஊரே வெறிச்சோடிக் கிடக்கிறது. நாய்கள் மட்டும் இருந்தனவாம்.

அவர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. நாட்டில் சிதறிக் கிடக்கும் தங்கள் ஆட்கள் எல்லோரும் வருடத்தில் ஒரு தடவை ஓர் இடத்தில் கூடுவார்கள். கல்யாணம் பேசுவதும் அங்கே, பிணக்குத் தீர்ப்பதும் அங்கே, புதிதாகப் பிறந்த பிள்ளையை இனத்துக்குக் காட்டுவதும் அங்கே. அந்த முறை அநுராதபுரப் பக்கம் கூட்டம். குஞ்சு குருமானோடு எல்லோரும் போய்விட்டார்கள். போவதற்கு முன் போதனாசிரியரிடம் அந்தோனி சொல்லித்தான் இருக்கிறார். அந்த மனிதர் அதை ஏதோ ஒருநாள் திருவிழா என்று நினைத்து யாரிடமும் வாய் திறக்கவில்லை. கூட்டமோ வாரக்கணக்கில் நடந்தது.

அவர்கள் திரும்பி வந்தபோது பயிற்சி மூடப்பட்டிருந்தது. வரவு போதாது, எல்லோரும் இடைவிலகியவர்கள், மிச்ச நிதி திறைசேரிக்குத் திரும்ப வேண்டும் என்று எங்கள் திணைக்களப் பணிப்பாளர் முடிவெடுத்துவிட்டார். வருடமும் பாதி கழிந்துவிட்டது. வருட முடிவுக்குள் செலவாகாத பணம் போனது போனதுதான், அடுத்த வருடம் முதலில் இருந்து பிச்சை எடுக்க வேண்டும். அந்தோனி கந்தோருக்கு நடையாய் நடந்தார். “வாக்குத் தந்து போட்டு இடையில நிப்பாட்டுறது என்ன நியாயம்?” என்று கேட்டார். “வராம இருந்தது நீங்கள்தானே?” என்றார்கள் எங்கள் ஆட்கள். இரண்டு பக்கமும் கடிதம் எழுதினார்கள், இரண்டு பக்கமும் மனித உரிமை பற்றிக் கதைத்தார்கள். நானும் பேசிப் பார்த்தேன். என் பேச்சுக்கு இரண்டு பக்கத்திலும் மதிப்பில்லாமல் போனதுதான் மிச்சம்.

இப்படி இருக்கும்போது ஒரு காலையில் நான் கல்முனைச் சந்தையில் மீன்காரனோடு பேரம் பேசிக்கொண்டு நிற்கிறேன், போன் அடிக்கிறது. எங்கள் கந்தோர் லொறிச் சாரதி றபீக்.

“மிஸ், மிசினெல்லாம் ஏத்திட்டு வரச் சொல்லி என்னை அனுப்பினாங்க.”

“எந்த மிசின்? யாரு அனுப்பின?”

“படகு மிசின்தான். பணிப்பாளர் சேரும் ஜீப்பில வந்து நிக்காரு. ஆனா மிஸ், ஏத்த ஏலா.”

“ஏன் ஏலா?”

“மிசினுக்கு மேல பாம்பு இரிக்கி மிஸ்!”

மீனை அங்கேயே போட்டுவிட்டு ஸ்கூட்டியை எடுத்தேன். மீன்காரன் பின்னால் திட்டிக்கொண்டிருந்தான், அது வேறு கதை.

நான் போய்ச் சேர்ந்தபோது மண்டபத்துக்கு முன்னால் ஒரு கலியாண வீட்டுக் கூட்டம். ஒரு பக்கம் லொறி, பக்கத்தில் ஜீப், அதற்குப் பின்னால் பொலிஸ் வண்டி. மறுபக்கம் ஊர் முழுக்க. பெண்கள் லொறியின் சில்லுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார்கள். செல்வி பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு மண்டப வாசற்படியில் நின்றாள். அழுது முடித்த முகம். உள்ளே எட்டிப் பார்த்தேன். ஒவ்வொரு இயந்திரத்தின் மேலும் பிரம்புப் பெட்டி, மூடி போட்டு, துணியால் இறுக்கிக் கட்டி. உள்ளே இருப்பது என்ன என்று சொல்லத் தேவையில்லை.

பணிப்பாளர் திருகோணமலையில் இருந்து வந்த மனிதர். கெட்டவர் இல்லை. சட்டத்துக்கு வெளியே ஒரு காலும் வைக்காதவர், அவ்வளவுதான். முகமெல்லாம் வேர்த்து வடிந்தது.

“பார்த்தீங்களா மிஸ் உங்கட ஆட்கள? அரச சொத்தைப் பிடிச்சு வச்சுக்கொண்டு பாம்பால மிரட்டுறாங்க. இது அரச கடமைக்கு இடையூறு. எல்லாரையும் உள்ள போட வேண்டி வரும்!”

பொலிஸ் சார்ஜன்ட் வாசலில் இருந்து நல்ல தூரத்தில் நின்றார். என் காதோடு, “மிஸ், கள்ளனைப் பிடிக்கச் சொன்னா பிடிச்சுத் தருவன். பாம்பைப் பிடிக்க ஆள் வேணுமெண்டா நான் இவங்களைத்தான் கூப்பிடணும்” என்றார். எனக்குச் சிரிக்கவும் முடியவில்லை, சிரிக்காமல் இருக்கவும் முடியவில்லை.

அந்த இடத்தில்தான் பிள்ளைகள், என் பழைய அதிகாரியின் கேள்வி ஞாபகம் வந்தது. பயந்து போயிருப்பது யார்? சுற்றிப் பார்த்தால் எல்லோரும்தான். சார்ஜன்டுக்குப் பாம்பில் பயம். றபீக் லொறிக்குள்ளேயே கண்ணாடியை ஏற்றிவிட்டு இருக்கிறான். பணிப்பாளர் ஜீப் கதவிலிருந்து கையை எடுக்கவில்லை. ஊர்ச் சனம் லொறியைப் பார்த்துப் பயந்திருக்கிறது, அது நகர்ந்தால் எல்லாம் முடிந்துவிடும் என்று. இவ்வளவு பயத்துக்கு நடுவில் யாரும் யாரையும் கேட்கப் போவதில்லை.

நான் றபீக்கிடம் போய்க் கண்ணாடியைத் தட்டினேன். “லொறியை எடுத்திட்டு மெயின் றோட்டுக்குப் போ மனே. அங்க டீக் கடையில இரு.”

“யாரைக் கேட்டு லொறியை அனுப்புறீங்க?” பணிப்பாளர் கத்தினார்.

“சேர், பாம்புக்கு மேல மிசினை ஏத்தவும் ஏலா, மிசினுக்கு மேல பாம்பை ஏத்தவும் ஏலா. லொறி இஞ்ச நிண்டு என்ன செய்யிற? வேணுமெண்டா ஒரு போன் அடிச்சாப் போதும், வந்திரும்.”

மனிதர் பல்லைக் கடித்தார். லொறி பின்னுக்குப் போய்த் திரும்பியதும் சில்லடியில் இருந்த பெண்கள் எழும்பிப் பாவாடையைத் தட்டினார்கள். யாரோ சிரித்தார்கள். காற்றுக் கொஞ்சம் இறங்கியது. பிரச்சினை ஒரு முழமும் தீரவில்லை, ஆனால் இனிப் பேசலாம் என்றிருந்தது.

அந்தோனியிடம் போனேன். அவர் வேப்ப மரத்தடியில் பீடியோடு குந்தியிருந்தார். எனக்குச் சட்டென்று ஒன்று பட்டது. அது கதிர்காமத்துக்குச் சனம் போய்வரும் காலம். அவர்களுக்கு நல்ல உழைப்பு வரும் காலம். அந்தக் காலத்தில் இந்த மனிதர் ஊரில் என்ன செய்கிறார்?

“அந்தோனி ஐயா, தொழிலுக்குப் போகல்லயா?”

“பெட்டி உள்ளுக்கு இருக்கே மிஸ். என்னத்தைக் கொண்டு போற?”

“அப்ப எல்லாரும் ஊருக்குள்ளயா?”

“ஓம். லொறி வரப்போகுது எண்டு கேள்விப்பட்ட அண்டே வச்சிட்டம். ஒருத்தரும் போகல்ல. கடையில கடனுக்குத்தான் அரிசி.”

எனக்கு விளங்கவில்லை. ஒருவனை மிரட்ட வேண்டும் என்றால் ஒரு பெட்டி போதாதா? ஊரில் இருக்கிற எல்லாப் பெட்டியையும் உள்ளே வைத்துவிட்டுத் தங்கள் வயிற்றில் தாங்களே அடிப்பானேன்? அதையே கேட்டேன்.

அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். “மிரட்டவா? யாரு மிஸ் சொன்ன? எங்கட கூட்டத்தில ரெண்டு பேருக்குப் பிணக்கு வந்தா, பிணக்குப்பட்ட சாமானில தங்கட தங்கட தொழில் சாமானை வைக்கணும். ரெண்டு பேரும் வச்ச பிறகுதான் பெரியாக்கள் கதைக்கத் தொடங்குவாங்க. தீருமட்டும் ஒருத்தரும் எடுக்க ஏலா. அப்பதான் கெதியாத் தீரும், பசிக்குமெல்லே. நாங்க வச்சிட்டம். அவர்தான் இன்னும் வைக்கல்ல.”

“யாரு?”

“உங்கட பணிப்பாளர்.”

அடக் கடவுளே என்று சொல்வதா, அல்லாஹ்வே என்று சொல்வதா என்று தெரியவில்லை எனக்கு. நாங்கள் பயமுறுத்தல் என்று பொலிஸைக் கூட்டி வந்திருக்கிறோம். அவர்களோ பேச்சுவார்த்தைக்கு வாசலைத் திறந்து வைத்துவிட்டு, அரிசிக் கடனோடு நாட்கணக்கில் காத்திருக்கிறார்கள். இதில் இன்னொன்றும் உண்டு. அவர்கள் எங்களிடம் அதைச் சொல்லவே இல்லை. அவர்களுக்கு அது சொல்ல வேண்டிய விசயமாகவே தோன்றவில்லை. பெட்டியை வைத்தால் உலகத்தில் எவனுக்கும் விளங்கும் என்று நினைத்திருக்கிறார்கள். நாங்களும் அப்படித்தானே? பதிவுத் தபாலில் சுற்றறிக்கை அனுப்பினால் எவனுக்கும் விளங்கும் என்று நினைக்கிறோம்.

பணிப்பாளரிடம் வந்து விசயத்தைச் சொன்னேன். அவர் கேலி செய்கிறேன் என்றுதான் முதலில் நினைத்தார்.

“எனக்கு என்ன தொழில் சாமான் இருக்கு மிஸ்? நான் என்ன தச்சனா?”

பின்னாலேயே வந்திருந்த அந்தோனி அமைதியாகச் சொன்னார், “எது இல்லாட்டி சேருக்கு நாளைக்கு வேலை செய்ய ஏலாதோ, அது.”

பணிப்பாளர் தன் பேனையைத் தொட்டுப் பார்த்தார். சார்ஜன்ட், “பேனை எங்கயும் வாங்கலாம் சேர்” என்றார். இந்த மனிதரும் இவர்களுடைய நியாயத்துக்குள் வந்துவிட்டாரே என்று நான் பார்த்தேன். அடுத்ததாக அவரே, “சீல்தான் சேர். சீல் இல்லாட்டி எங்கட ஸ்டேசனும் ஓடாது” என்றார்.

பணிப்பாளரின் கை தானாகத் தோற்பையை அணைத்தது. அவருடைய பதவி முத்திரை எந்நேரமும் அதற்குள்தான் இருக்கும். அதை எவரிடமும் நம்பிக் கொடுக்காதவர்.

“முடியாது. பதவி முத்திரையை வெளியாட்களிட்டக் குடுத்தா என்ட வேலை போயிரும்.”

இந்த இடத்தில் நான் கொஞ்சம் நிதானித்தேன். அவர் சொல்வது சரி. ஒரு அதிகாரியை அவருடைய விதியை மீறச் சொல்லித் தீர்க்கிற பிரச்சினை, நாளைக்கு இன்னொரு பிரச்சினையாகத் திரும்பி வரும். நீங்களும் அப்படி யாரையும் நெருக்காதீர்கள். அதே நேரம் அவர் ஒன்றும் வைக்காமல் பேச்சும் தொடங்காது.

“சேர், குடுக்க வேணாம். வையுங்க. வச்சிட்டு அதுக்குப் பக்கத்திலயே நீங்களும் இருங்க. கண்ணை எடுக்க வேணாம். உங்கட பொறுப்பில இருந்து அது ஒரு நிமிசமும் போகாது.”

“எவ்வளவு நேரம்?”

“தீருமட்டும்.”

அவர் மண்டபத்தைப் பார்த்தார், பெட்டிகளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். “உங்களுக்குப் பென்சன் கிட்ட வந்திட்டு மிஸ், அதுதான் இந்தத் துணிச்சல்” என்றார். பிறகு சப்பாத்தைக் கழற்றினார். எனக்கு அந்த நேரம் அந்த மனிதர் மேல் வந்த மரியாதை இன்றைக்கும் குறையவில்லை.

பாய் விரித்தார்கள். பெட்டிகள் வைத்த இடத்திலேயே இருக்க, நடு இயந்திரத்தின் மேல் பணிப்பாளர் முத்திரையை வைத்தார். அதற்குப் பக்கத்தில் இருந்த பெட்டிக்குள் ஏதோ சரசரத்தது. மனிதர் ஒரு சாண் தள்ளி உட்கார்ந்தார். பிள்ளைகள் கெக்கட்டமிட்டுச் சிரித்தார்கள். அந்தோனி அதட்டினார்.

முதலில் யார் பேசுவது என்று இருவரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் என் அதிகாரியின் கேள்வியையே கொஞ்சம் திருப்பிப் போட்டேன். “யாரு பிழை எண்டு இப்ப வேணாம். இது இப்படியே முறிஞ்சு போனா உங்களுக்கு என்ன பயம் எண்டு மட்டும் சொல்லுங்க.”

பணிப்பாளர் முத்திரையைப் பார்த்தார். பிறகு, “கணக்காய்வு” என்றார். “வராத ஆட்களுக்குக் கொடுப்பனவு குடுத்தா கணக்காய்வுக்காரர் என்னைத்தான் கூப்பிடுவாங்க. என்ட கையொப்பம்தானே. பெரியவங்களுக்கு முன்னால நிண்டு பதில் சொல்ல வேண்டியவன் நான்.”

அந்தோனி அதைத் தெலுங்கில் தன் ஆட்களுக்குச் சொன்னார். ஒரு கிழவர் பதிலுக்கு ஏதோ சொல்ல, எல்லோரும் தலையாட்டினார்கள். “என்ன சொல்றார்?” என்று கேட்டேன். “சேருக்கும் மேல ஒரு கூட்டம் இருக்கு எண்டு சொல்றார். பாவம் எண்டு சொல்றார்.” பணிப்பாளருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அன்றைக்கு அவர் முதல் தடவையாகச் சிரித்தார்.

பிறகு அந்தோனி பேசினார். “எங்களுக்குக் காணியில்ல, வயலில்ல. எங்கட ஆட்கள் நாடு முழுக்கச் சிதறிக் கிடக்காங்க. அந்த ஒரு கூட்டம்தான் எங்களைக் கட்டி வச்சிருக்கு. அதுக்குப் போகாட்டி எங்கட புள்ளையளுக்குப் பொண்ணு குடுக்க ஆளில்ல, செத்தா வர ஆளில்ல. போனா அரசாங்கம் கதவைப் பூட்டுது. ரெண்டில ஒண்டைப் புடி எண்டு சொல்றீங்க. எதை விடுற?”

அப்போது வாசலில் நின்ற செல்வி வாய் திறந்தாள். அவர்களுடைய பாயில் இளம் பெண்கள் பேசுவது வழக்கமா என்று எனக்குத் தெரியாது. கிழவர்கள் திரும்பிப் பார்த்த மாதிரிக்கு வழக்கமில்லை என்றுதான் நினைக்கிறேன்.

“நீங்க ரெண்டு பக்கமும் உங்கட பயத்தைச் சொல்லிட்டீங்க” என்றாள். “ஏஜென்சிக்காரன் நேத்தும் போன் எடுத்தான். டிக்கற் போடட்டா எண்டு கேக்கான். நான் இன்னும் பதில் சொல்லல்ல. எனக்குக் கூட்டமும் வேணும், மிசினும் வேணும். என்ட புள்ளையும் வேணும். இதில எதை விடட்டும் எண்டு என்னை ஒருத்தரும் கேக்கல்ல.”

அதற்குப் பிறகு அந்த மண்டபத்தில் யாருக்கும் சத்தம் போட மனம் வரவில்லை.

லுஹர் தொழுகை நேரம் வந்தது. நான் எழும்பினால் கூட்டம் குலையுமோ என்று யோசித்தேன். செல்வி அதைக் கண்டுகொண்டு, “வாங்க மிஸ், எங்கட வீட்டில தொழலாம்” என்று கூட்டிப்போய்ப் புதுப் படுக்கை விரிப்பொன்றை எடுத்து விரித்தாள். தொழுதுவிட்டு வரும்போது மரவள்ளிக் கிழங்கும் சம்பலும் வந்திருந்தது. பணிப்பாளர் ஒரு கண்ணால் கிழங்கையும் மறு கண்ணால் முத்திரையையும் பார்த்தபடி சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

சாப்பாட்டுக்குப் பிறகுதான் வேலை நடந்தது. நான் ஒன்றைக் கேட்டேன். “சேர், நோன்புப் பெருநாளுக்கு எங்கட புள்ளையள் வரமாட்டாங்க. பொங்கலுக்கு, வெசாக்குக்கு, நத்தாருக்கு ஒருத்தரும் வரமாட்டாங்க. அதை இடைவிலகல் எண்டு எழுதுறமா?”

“அதெல்லாம் வர்த்தமானியில உள்ள லீவு மிஸ். இவங்கட கூட்டம் இல்லையே.”

“அப்ப ஆழ்கடலுக்குப் படகு போகாத காத்துக் காலத்தில, துறைமுகத்தில நடந்த மற்றப் பயிற்சிய நிப்பாட்டி வச்சீங்களே. அது எந்த வர்த்தமானி?”

அவர் யோசித்தார். அந்த மனிதரின் நல்ல குணம், விதியைத் தலைகீழாகத் தெரிந்து வைத்திருப்பது. “அது பயிற்சி இடைவேளை. தகுந்த காரணம் இருந்தா பணிப்பாளர் அனுமதிக்கலாம்” என்று மெதுவாகச் சொன்னார். சொல்லிவிட்டு, தான் சொன்னதைத் தானே கேட்டவர் போல நிமிர்ந்தார். “ஆனா இடைவேளைக்குக் கொடுப்பனவு இல்ல. தவறின நாளெல்லாம் திரும்பப் படிச்சு முடிக்கணும். வருட முடிவுக்கு முதல்.”

“வராத நாளைக்கு எங்களுக்கும் காசு வேணாம்” என்றார் அந்தோனி உடனே. “அதைக் கேட்டா நாங்க இவ்வளவு நாளும் வந்த?”

சொன்னால் நம்ப மாட்டீர்கள். இத்தனை கடிதம், இத்தனை கோபம், ஆனால் இரண்டு பக்கமும் ஒரே விசயத்துக்காகச் சண்டை போடவே இல்லை. எங்கள் பக்கம் அவர்கள் வராத நாட்களுக்கும் கொடுப்பனவு கேட்கிறார்கள் என்று நினைத்திருந்தது. அவர்கள் பக்கம், கூட்டத்துக்குப் போன குற்றத்துக்காகத் தண்டிக்கிறார்கள் என்று நினைத்திருந்தது. எதிராளி என்ன கேட்கிறான் என்று நாமே எழுதி வைத்துக்கொண்டு அதற்குப் பதில் சொல்லிக்கொண்டிருக்கும் பழக்கம் நமக்கு இருக்கிறது. தயவுசெய்து அதை விடுங்கள்.

சனிக்கிழமையும் போயா விடுமுறை நாளும் ஒலுவில் துறைமுகத்தில் வகுப்பு வைத்துத் தவறியதை முடிப்பது, அடுத்த முறை கூட்டத்துக்கு நாள் குறித்ததும் கந்தோருக்கு எழுத்தில் சொல்வது, பெரியவர்கள் கடைசிவரை இருந்தாலும் படிக்கிற பிள்ளைகள் முந்தித் திரும்புவது என்று முடிவானது. கடைசி விசயத்தில் கிழவர்கள் முரண்டு பிடித்தார்கள். செல்வியின் முகத்தைப் பார்த்துத்தான் இறங்கி வந்தார்கள் என்பது என் எண்ணம்.

எழுதி முடித்ததும் பணிப்பாளர் முத்திரையை எடுத்தார். மைப் பெட்டி கந்தோரில். முத்திரையோ காய்ந்து கிடந்தது. மனிதர் அதை வாயருகே கொண்டுபோய் ‘ஹா… ஹா…’ என்று ஊதினார். பாம்பாட்டிகள் நிறைந்த மண்டபத்தில் ஒரு பணிப்பாளர் முத்திரைக்கு ஊதுகிறார்! முதலில் சிரித்தது அந்தோனிதான். பிறகு யாராலும் அடக்க முடியவில்லை. எப்படியோ மங்கலாக ஒரு வட்டம் விழுந்தது. ஆண்கள் போய்த் தங்கள் தங்கள் பெட்டியைத் தூக்கினார்கள். மறுநாள் விடியலிலேயே கதிர்காமப் பக்கம் புறப்பட்டுவிட்டார்களாம்.

அதன் பிறகு எல்லாம் பஞ்சில் நடந்தது போல் போனது என்று நினைக்காதீர்கள். சனிக்கிழமை வகுப்புக்கு வர மாட்டேன் என்று போதனாசிரியர் மூஞ்சியை நீட்டினார். ஒரு கிழமை மழை, ஒரு கிழமை அவருக்குக் காய்ச்சல். ஒலுவில் துறைமுகத்து வாய் மணல் மூடிப் படகு வெளியே போக முடியாத நாட்களும் இருந்தன. அந்த நாட்களில் கரையிலேயே இயந்திரத்தைக் கழற்றிப் பூட்டினார்கள். பணிப்பாளர் இரண்டு தடவை சொல்லாமல் கொள்ளாமல் வந்து நின்று வரவு பார்த்தார். இரண்டு தடவையும் எல்லோரும் இருந்தார்கள். இரண்டாம் தடவை வரும்போது மரவள்ளிக் கிழங்கு கிடைக்குமா என்று றபீக்கிடம் மெல்லமாக விசாரித்தாராம்.

வருட முடிவுக்குச் சற்று முன்னால் பரீட்சை. துறைமுகத்தில் வைத்தார்கள். பரீட்சகர் கொழும்பில் இருந்து வந்தவர். ஓடாத இயந்திரம் ஒன்றைக் கொடுத்து ஓட வைக்கச் சொன்னார். செல்வியின் முறை வந்ததும் நான் ஓரமாக ஒதுங்கினேன். ஸலவாத்து ஓதிக்கொண்டு நின்றேன். கழற்றினாள், துடைத்தாள், ஏதோ ஒரு சின்னச் சாமானை ஊதிப் பார்த்தாள், பூட்டினாள். கயிற்றை இழுத்தாள், இயந்திரம் பேசவில்லை. திரும்ப இழுத்தாள், பேசவில்லை. அவளுடைய பிள்ளையை வைத்துக்கொண்டிருந்த அந்தோனி வேறு பக்கம் திரும்பிவிட்டார். அவள் இன்னொரு தடவை குனிந்து எதையோ திருகிவிட்டு இழுத்தாள். இயந்திரம் இருமி இருமிப் பிடித்துக்கொண்டது. அல்ஹம்துலில்லாஹ்! நான் போட்ட சத்தத்தில் பரீட்சகர் கண்ணாடியைக் கழற்றி என்னைப் பார்த்தார்.

பாஸ்போட்டைத் திருப்பி வாங்கி வந்து துணிப் பெட்டியின் அடியில் போட்டுவிட்டதாகப் பிறகு சொன்னாள். ஏஜென்சிக்காரன் திட்டினானாம். திட்டட்டும்.

அவள் வேலைக்குச் சேர்ந்த நாளில் அந்தோனியோடு நானும் போனேன், பணிப்பாளரும் வேறு அலுவலாக ஒலுவிலுக்கு வந்தவர் கூடவே வந்தார். ஹாஜியார் படகடியில் நின்றார். கறாரான மனிதர், சம்பளக்காரர்கள் அவர் முகத்தைப் பார்க்கவே பயப்படுவார்கள். வேலை நேரம், சம்பளம் எல்லாம் சொல்லி முடித்துவிட்டு, “வேற என்னவும் கேக்க இரிக்கா புள்ள?” என்றார்.

செல்வி என்னையும் பணிப்பாளரையும் ஒருதரம் பார்த்தாள். பிறகு அவரிடம், “ஒண்டு இருக்கு ஹாஜியார். வருசத்தில ஒருக்கா எங்கட ஆட்கள்ர கூட்டம் நடக்கும். கொஞ்ச நாள் எடுக்கும். நான் போகணும்” என்றாள்.

எத்தனை மாதச் சண்டை, எத்தனை கடிதம், பொலிஸ், பாய், முத்திரை. எல்லாம் இந்த ஒரு கேள்விக்குத்தான்.

ஹாஜியார் தாடியைத் தடவினார். “போறதுக்கு முதல் சொல்லுவியா?”

“சொல்லுவன்.”

“முடிய வருவியா?”

“வருவன்.”

“அப்ப என்ன, போயிட்டு வா” என்றார். சொல்லிவிட்டு, “அந்த மூணாவது படகுட மிசின் சத்தம் சரியில்ல, போய்ப் பாரு” என்று கையைக் காட்டினார். அவள் பிள்ளையை அந்தோனியிடம் கொடுத்துவிட்டுப் படகில் ஏறினாள்.

பணிப்பாளர் கடலைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

“இவ்வளவுதானா மிஸ்?”

“ஓம் சேர், இவ்வளவுதான்” என்றேன்.